பார்க்காமல் போட்ட கையெழுத்து

மார்ச் 4

அன்புள்ள ஊசிக்கு,

மேஸ்திரி எழுதுவது. நான் நலம். உன் தம்பியும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். மெஸ்ஸில் அவன் தட்டைப் பார்த்தால் உனக்கிருக்கும் கொஞ்சநஞ்சக் கவலையும் போய்விடும்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆன பிறகும் ஊசி என்று கூப்பிடுவதா என்று கேட்டிருந்தாய். லேபில் நாள் முழுக்க ஊரார் கையில் குத்தி ரத்தம் எடுக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? நீ மட்டும் என்னை மேஸ்திரி என்கிறாயே. அறுபது பேரை வைத்துச் சாரம் கட்டும் சூப்பர்வைசர் நான். என் கையெழுத்துள்ள பச்சை அட்டை தொங்கினால்தான் எந்தச் சாரத்திலும் ஒருவன் கால் வைக்கலாம். வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றையும் பார்த்துப் புதுத் தேதி போட வேண்டும். போடாவிட்டால் சிவப்பு அட்டை, வேலை நின்றுவிடும். மேனேஜரே வந்தாலும் ஏற முடியாது. மரியாதை கொடு.

போனில் பேசவில்லை என்று கோபப்படாதே. கேம்ப் முழுவதற்கும் ஒரே சாட்டிலைட் போன். ஆளுக்குப் பத்து நிமிடம். அதில் ஏழு நிமிடம் ‘கேக்குதா, கேக்குதா’ என்பதிலேயே போய்விடுகிறது. பின்னால் நாற்பது பேர் நின்று நம் சண்டையை ரசிக்கிறார்கள். லெட்டர்தான் நல்லது. பத்து நாளானாலும் ஒழுங்காக வந்து சேருகிறது.

யார்டில் குழாய் அடுக்கிய இடத்தில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. அந்த அடுக்கிலிருந்து குழாய் எடுக்கக் கூடாது என்று பையன்கள் சாக்பீஸால் எழுதி வைத்துவிட்டார்கள். என் ஷூவின் அடி தேய்ந்துவிட்டது, புதிது கேட்டிருக்கிறேன். மெஸ் வாசலில் புதிதாகச் சிமென்ட் போட்டிருக்கிறார்கள். யாரோ ஈரத்தில் மிதித்துவிட்டான், இப்போது எல்லோரும் காலை வைத்து அளந்து பார்த்துக் குற்றவாளியைத் தேடுகிறார்கள்.

மகளைக் கணக்கில் கவனமாக இருக்கச் சொல்.

உன்,
மேஸ்திரி


மார்ச் 17

அன்புள்ள மேஸ்திரிக்கு,

மரியாதை கொடுத்தாயிற்று. போதுமா?

நாங்கள் நலம். மகள் கணக்கில் எண்பத்தெட்டு. மீதிப் பன்னிரண்டு எங்கே என்று கேட்டேன், டீச்சரிடம் பத்திரமாக இருக்கிறதாம். வாய் உங்களிடமிருந்து வந்தது, என்னிடமிருந்து இல்லை.

லேபில் தலைக்கு மேல் வேலை. காய்ச்சல் சீசன். நேற்று ஆறடி உயரத்தில் ஒருவர் வந்தார், ஊசியைப் பார்த்ததும் மயங்கி என் மேலேயே சாய்ந்துவிட்டார். எழுந்ததும், ‘வீட்ல சொல்லிடாதீங்க’ என்று கெஞ்சினார். எனக்கு அவர் வீடே தெரியாது.

பூனைக்குட்டிகள் என்ன நிறம் என்று மகள் கேட்கிறாள். எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். முதல் வருடம் எழுதினீர்களே, உச்சியில் நின்றால் கடல் தெரியும் என்று. இப்போதும் தெரிகிறதா? கப்பல் ஏதாவது வருகிறதா?

அன்புடன்,
ஊசி


மார்ச் 30

அன்புள்ள ஊசிக்கு,

இரண்டு கறுப்பு, ஒன்று பழுப்பு. பழுப்புக்குத்தான் திமிர் அதிகம்.

கடல் எங்கே போய்விடும்? அங்கேயேதான் இருக்கிறது. கப்பலும் வரும் போகும். எனக்கு அதைப் பார்க்கவா சம்பளம்?

புதிதாக ஒரு டவர் எழுப்புகிறார்கள். அறுபது மீட்டர். சுற்றிலும் நம் சாரம்தான். உன் தம்பிதான் அதற்கு ஃபோர்மேன். சும்மா சொல்லக் கூடாது, வேலையில் கெட்டிக்காரன். மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, ‘மாமா, எல்லாம் சரியா இருக்கு’ என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அட்டை எழுதும்போது அவனே பேனாவை நீட்டுகிறான்.

ஷூ வந்துவிட்டது. ஒரு சைஸ் பெரிது. பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன்,
மேஸ்திரி


ஏப்ரல் 11

அன்புள்ளவருக்கு,

இதைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் லெட்டர்கள் எல்லாவற்றையும் தரையில் தேதிவாரியாக அடுக்கினேன். ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது, என்னவென்று தெரியவில்லை. வரிசையாகப் படித்ததும் தெரிந்துவிட்டது.

முதல் ஒன்றரை வருடம் நீங்கள் எழுதியதெல்லாம் மேலே இருந்து எழுதியது. லாரிகள் எறும்பு மாதிரி போகின்றன என்று நாலு லெட்டரில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கே அலுத்துப்போனது. சாரத்தின் உச்சிக் குழாயில் ஒரு பருந்து வந்து உட்கார்ந்ததாம், விரட்ட மனமில்லாமல் கால் மணி நேரம் காத்திருந்தீர்களாம். மழை தூரத்தில் நடந்து வருவதை மற்ற எல்லோரையும்விட நீங்கள்தான் முதலில் பார்ப்பீர்களாம்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்டோபருக்குப் பிறகு ஒரு பருந்து இல்லை. ஒரு கப்பல் இல்லை. பூனை, ஷூ, சிமென்ட், கேட்டில் நிற்கும் காவலாளியின் பல்வலி. ஒன்றரை வருடமாக நீங்கள் எழுதியதெல்லாம் தரையில் இருப்பது. கடலைப் பற்றிக் கேட்டேன், அங்கேயேதான் இருக்கிறது என்றீர்கள். பார்த்தவர் அப்படி எழுத மாட்டார்.

போன லீவில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் ஏறிப் பார்க்கச் சொன்னேன். எட்டுப் படி ஏணி. பிளம்பரைக் கூப்பிட்டீர்கள். சோம்பேறித்தனம் என்று கேலி செய்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

நீங்கள் மேலே ஏறுவதில்லை. உங்களால் முடியவில்லை. சரிதானே? அப்படியென்றால் அந்தப் பச்சை அட்டையில் எதை நம்பிக் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

என் காதில் பூச்சுற்ற வேண்டாம். உள்ளதை எழுதுங்கள்.

ஊசி


ஏப்ரல் 24

அன்புள்ள ஊசிக்கு,

உன் லெட்டரைத் தனியாக உட்கார்ந்துதான் படித்தேன். நீ சொன்னது சரி.

யாரும் விழவில்லை. எதுவும் நடக்கவில்லை. அதுதான் எனக்கே விளங்காத விஷயம். அந்த அக்டோபரில் ஒரு சாதாரண காலை, காற்றுகூட இல்லை. முப்பது மீட்டரில் நின்று, குழாய்களைப் பிணைக்கும் ஒரு கிளாம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடமாக வீட்டு வராந்தா மாதிரி நடந்த பலகை அது. குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கையை எடுக்க முடியவில்லை. உன் தம்பிதான் வந்தான். ‘மாமா, என்னைப் பாருங்க. இந்தக் காலை மட்டும் கீழ வைங்க. சரி. அடுத்தது’ என்று ஒரு மணி நேரம் பேசிப் பேசி இறக்கினான். கீழே வந்ததும் இரண்டு பேரும் டீ குடித்தோம். அக்காவிடம் சொல்லாதே என்றேன். சத்தியம் செய்தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை முயன்றேன். சாரத்தில் நாலாவது தட்டு வரை போகிறேன். அதற்கு மேல் போக முடியாமல் இறங்கிவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது. சாரத்துக்காரனுக்கு உயரம் பயம் என்றால் யார் சிரிக்க மாட்டார்கள்?

ஆனால் நீ நினைப்பதுபோல ஆபத்து ஒன்றுமில்லை. என் இடத்தில் அவன் ஏறிப் பார்க்கிறான். அவன் கண் என் கண். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினோரு மாதம்தான். ஓட்டிவிடுகிறேன். அதன் பிறகு ஏணிப் பக்கமே போக மாட்டேன், உன் தலையில் அடித்துச் சத்தியம்.

மகளுக்குத் தெரிய வேண்டாம். அவள் பள்ளியில் எங்கப்பா மேகத்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறார் என்று எழுதியிருக்கிறாளாமே.

உன்,
மேஸ்திரி


மே 6

அன்புள்ளவருக்கு,

பயம் வந்ததற்கு நான் உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஒன்றரை வருடம் தனியாகச் சுமந்தீர்களே, அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

கையெழுத்து வேறு விஷயம். உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் ரத்த வகையை நான் பார்க்காமல் எழுதினேன். அன்று நல்ல கூட்டம். பக்கத்து மேசைக்காரி, ‘நான் பாத்துட்டேன்க்கா, பாசிட்டிவ், எழுதிக்கோங்க’ என்றாள். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவள் பார்த்தது அடுத்த டியூபை. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றும் முன் ஒரு நர்ஸ் சந்தேகப்பட்டு மறுபடி சோதித்ததால் அந்தப் பெண் பிழைத்தாள். என்னை யாரும் கேட்கவில்லை, ரிப்போர்ட்டைத் திருத்தி மூடிவிட்டார்கள். அவள் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் பதினொரு வருடமாக ரோட்டில் குழந்தையோடு எந்தப் பெண் போனாலும் அவளோ என்று பார்க்கிறேன்.

நீங்கள் அப்படி ஆக வேண்டாம். உங்கள் அட்டையை நம்பி ஏறுகிறவன் என் தம்பியை நம்பி ஏறவில்லை. நீங்கள் மேலே போய்ப் பார்க்கவில்லை என்பது அவனுக்குத் தெரியாது.

அதனால் தம்பிக்கு எழுதிவிட்டேன். இனிமேல் மாமாவுக்காக நீ ஏறாதே, ஏறினால் அக்கா என்று கூப்பிடாதே என்று. இந்த லெட்டர் வரும் விமானத்தில்தான் அதுவும் வரும். உங்களைக் கேட்காமல் செய்தேன். கேட்டால் என்னை எப்படியாவது பேசி மடக்கியிருப்பீர்கள்.

மேனேஜரிடம் நீங்களே சொல்லுங்கள்.

ஊசி


மே 19

உன் தம்பி நேற்று வந்து, ‘இனிமே நான் ஏற மாட்டேன் மாமா, அக்கா எழுதிட்டா’ என்றான். ஐந்து சாரம் தேதி முடிந்து நிற்கிறது.

ஊரில் எல்லோருக்கும் பெண்டாட்டி முதுகுக்குப் பின்னால் நின்று தாங்குவாள். நீ காலை வாரிவிட்டாய். இருபத்திரண்டு வருடத்துப் பெயர் எனக்கு. உனக்கு அது ஒரு டியூப் ரத்தம்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.


ஜூன் 2

அன்புள்ளவருக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

மகளுக்கு லீவு முடிந்துவிட்டது. காலையில் அவளைக் கிளப்புவதற்குள் எனக்குப் பாதி உயிர் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், வரும்போது புதிய முகங்களைப் பார்ப்பீர்கள். என் கண்ணாடியை மாற்றினேன்.

நான் செய்ததை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊசி


ஜூன் 20

அன்புள்ளவருக்கு,

தம்பியும் எழுதவில்லை. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்களோ?

அப்பாவிடமிருந்து லெட்டர் எங்கே என்று மகள் கேட்டாள். விமானம் தாமதம் என்றேன். முதல் தடவையாக உங்களுக்காக அவளிடம் பொய் சொன்னேன். இன்னொரு தடவை சொல்ல என்னால் ஆகாது.

ஒரு வரி போதும். திட்டியாவது எழுதுங்கள்.

ஊசி


ஜூலை 9

அன்புள்ள ஊசிக்கு,

முதலில் ஒன்று. நானும் உன் தம்பியும் உயிரோடு, கை கால் முழுதாக இருக்கிறோம். மற்றதை நிதானமாகப் படி.

உன்னைத் திட்டி எழுதிய பிறகு நான் செய்த காரியத்தைக் கேள். உன் தம்பி ஏற மாட்டேன் என்றானல்லவா? ஐந்து நாள் ‘காற்று அதிகம்’ என்று சொல்லி ஓட்டினேன். கொடி கம்பத்தில் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது, பையன்கள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஆறாவது நாள் மேனேஜர் நெருக்கினார். அட்டையெல்லாவற்றையும் எடுத்தேன். யாருமே பார்க்காத சாரங்களுக்குத் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வாரம் அப்படிப் போட்டேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்ல?

தினமும் காலையில் வேலைக்கு முன் அறுபது பேரையும் நிற்க வைத்துப் பேசுவேன். நம் ஆட்களோடு அன்று மேலே ஏற வேண்டிய பெயின்டர்களும் நிற்பார்கள். எப்போதும் ஒரே பாட்டுத்தான்: ‘பெல்ட் மாட்டுங்க, பச்சை அட்டை பாக்காம ஏறாதீங்க.’ ஜூன் பதினாறாம் தேதி, பச்சை அட்டை என்ற சொல்லோடு நிறுத்திவிட்டேன். பிறகு எங்கிருந்து வந்ததோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றரை வருடமாக நான் மேலே போகவில்லை, எனக்குப் பயம், பார்க்காமல்தான் போட்டேன் என்று.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பெயின்டர்களில் ஒரு பெரிய மீசைக்காரர் உண்டு, என்னைவிட வயதில் மூத்தவர். அவர் மட்டும் கேட்டார், ‘அப்போ நேத்து நான் ஏறினேனே சார், அதை யாரு பாத்தது?’

‘யாரும் பாக்கலைண்ணே’ என்றேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிழலில் போய் உட்கார்ந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் போய் உட்கார்ந்தார்கள். நான் மேனேஜர் அறைக்குப் போனேன்.

என் கையெழுத்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு அட்டையையும் சிவப்பாக்கினார்கள். நாலு நாள் சைட் முழுக்க வேலை இல்லை. வேறு சைட்டிலிருந்து மூன்று பேர் வந்து ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தார்கள். நான் கீழே நின்று ஒவ்வொரு சாரத்துக்கும் என் அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். சாப்பிடப் போகும்போது ஆயிரம் பேர் என்னால் சும்மா உட்கார்ந்திருப்பதைத் தாண்டித்தான் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

மூன்றில் பழுது. இரண்டு சின்னது. மூன்றாவது அந்த அறுபது மீட்டர் டவரில். ஒன்பதாவது தட்டைத் தாங்கும் கிளாம்ப் இரண்டும் முறுக்கவே இல்லை, கையாலேயே சுற்றியது. பலகையின் ஒரு பக்கம் வெறும் அதிர்ஷ்டத்தில் நின்றிருக்கிறது. மறுநாள் அதில் மீசைக்காரரோடு எட்டுப் பேர் ஏற வேண்டியது. அந்தத் தட்டு மே மாதத்துக்கு முன்பே கட்டியது. உன் தம்பி சரி என்று சொல்லித்தான் அதற்கு முதல் அட்டை போட்டேன்.

அவனைக் கூப்பிட்டேன். வந்ததும் அழுதுவிட்டான். ‘முதல்ல எல்லாம் முழுசா ஏறித்தான் மாமா பாத்தேன். என் வேலையையும் பாத்து உங்க வேலையையும் பாத்து முடியல. கடைசி நாலு மாசம் பாதிவரைக்கும்தான் போவேன். பசங்க சரின்னா சரின்னு உங்ககிட்ட வந்து சொல்லுவேன்’ என்றான். அவன் பையன்களை நம்பினான், நான் அவனை நம்பினேன், மீசைக்காரர் என்னை நம்பினார். மேலே யாருமே இல்லை. உன்னிடம் சொல்லப் பயந்துதான் அவனும் எழுதவில்லை. ஃபோர்மேன் வேலை போய் ஆறு மாதத்துக்கு வெறும் ஆளாகச் சாரம் கட்டுகிறான்.

நீ எழுதாமல் இருந்திருந்தால் நான் பதினோரு மாதத்தையும் ஓட்டியிருப்பேன். அந்தப் பலகை ஓட்டியிருக்காது. நீ காலை வாரிவிட்டாய் என்றேன். மன்னித்துவிடு. வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

மேனேஜர் இரண்டு வழி சொல்லியிருக்கிறார். அடுத்த மாத விமானத்தில் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் மார்ச் வரை யார்டில் ஸ்டோர்காரனாக இருக்கலாம். குழாயும் கிளாம்பும் எண்ணிக் கொடுக்கிற வேலை. சூப்பர்வைசர் பட்டம் கிடையாது, வெள்ளை ஹெல்மெட் கிடையாது. காலையில் எல்லோரும் என் ஜன்னலில் வந்துதான் சாமான் வாங்க வேண்டும். மீசைக்காரர் இன்றுவரை என்னோடு பேசவில்லை.

எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் போலிருக்கிறது. நீ சொல், அப்படியே செய்கிறேன்.

உன்,
மேஸ்திரி என்று போட மனம் வரவில்லை


ஜூலை 21

அன்புள்ள மேஸ்திரிக்கு,

அப்படித்தான் கூப்பிடுவேன். உங்கள் கம்பெனி கொடுத்த பட்டமா அது? நான் கொடுத்தது.

லேபிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தேன். அந்தக் கிளாம்ப் கையால் சுற்றியது என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் புதுக் குடித்தனக்காரி என்னவோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்தாள். இந்த இரண்டு மாதமும் நான் தைரியமாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். கண்ணாடி மாற்றினேன், லீவு முடிந்தது என்று எழுதியதெல்லாம் நடிப்பு. ஒவ்வொரு நாளும் என் வாழ்க்கையை நானே கெடுத்துக்கொண்டேன் என்றுதான் படுப்பேன். ஒரு நாள்கூட ஒழுங்காகத் தூங்கவில்லை.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். திட்டியதை நான் எப்போதோ விட்டுவிட்டேன், அந்த லெட்டரை மட்டும் கிழித்துவிட்டேன். உயரத்தில் நிற்கிற புருஷன் வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன்? கல்யாணம் ஆனபோது உங்களுக்குச் சைக்கிள்கூட நேராக ஓட்டத் தெரியாது.

வாருங்கள் என்று ஒரு தாளில் எழுதினேன். உறையில்கூட வைத்துவிட்டேன். எடுத்துக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அங்கேயே இருங்கள். இப்போது வந்தால் கூடத்தில் உட்கார்ந்து அந்த மீசைக்காரர் கேட்டதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியாதா? தினமும் காலையில் அந்த ஜன்னலைத் திறங்கள். ஒவ்வொரு கிளாம்பையும் கையில் எடுத்துப் பார்த்து அவரிடம் கொடுங்கள். அவர் பேசினால் சரி. பேசாவிட்டாலும் பார்த்துக் கொடுங்கள். இங்கே எட்டு மாதத்தை நான் எப்படியாவது தள்ளிக்கொள்கிறேன்.

தம்பிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். திட்ட வேண்டியதையெல்லாம் நான் திட்டியாயிற்று, நீங்கள் அவனைத் திட்ட வேண்டாம். அக்கா என்றே கூப்பிடலாம் என்று கடைசியில் எழுதினேன்.

மகளுக்குத் தெரிய வேண்டாம் என்றீர்கள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ‘அப்பாவுக்கா பயம்? எங்கப்பாவுக்கா?’ என்று மூன்று தடவை கேட்டாள். சாப்பிடும்போது நிமிர்ந்து, ‘அறுபது பேர் முன்னாடி அப்பா எப்படிம்மா சொன்னாரு? எனக்குன்னா வாயே வந்திருக்காது’ என்றாள்.

அதற்குப் பதிலை நீங்களே அவளுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊசி